இல்லாட்டி வேற என்னா இருக்கு?

எங்கள் அலுவலகத்தில் அவளை "இருக்கா" என்றுதான் கூப்பிட்டோம். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு, நல்ல பேர். அதை யாரும் பாவிக்கவில்லை. வாயைத் திறந்தால் முதலில் வருவது அந்தச் சொல்தான் என்பதால் பட்டப்பேர் தானாக ஒட்டிக்கொண்டது. பிரிண்டர் திருத்தக் கொண்டு வந்த ஒரு பெரியவருக்குத் தேத்தண்ணி எடுத்துப் போனவள், கோப்பையை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "ஒங்களுக்குச் சீனி வருத்தம் இருக்குங்களா? இருந்தா சீனி போடாதது தனியா இருக்கு. இல்லாட்டி இது" என்றாள். அந்த மனுஷனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ரெண்டையும் குடு மகளே" என்று வாங்கி, இரண்டையும் குடித்துவிட்டுப் போனார்.

எனக்கு இதெல்லாம் ஆகாது. நான் கேகாலைப் பக்கத்து றப்பர் தோட்டத்துக்காரி. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசித்தான் பழக்கம். "நேரா ஒரு வார்த்தையச் சொல்லத் தெரியாதா புள்ள ஒனக்கு?" என்று ஒரு நாளைக்கு நாலு தடவையாவது கத்துவேன். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். "சொல்லலாம் அக்கா, கேக்குறவங்ககிட்ட இருக்கான்னு தெரிஞ்சாத்தானே சொல்லலாம்" என்பாள்.

அலுவலகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கஹவத்தை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹாட்வெயார் கடையின் மேல்மாடி. முதலாளி மாவனல்லைக்காரர், நானா என்போம். கம்ப்யூட்டர் விற்பார், திருத்துவார். அதோடு தோட்டங்களுக்கு புரோகிராம் எழுதிக் கொடுக்கும் வேலையும் எடுத்திருந்தார். எழுதுவதற்கு முதலில் நான் இருந்தேன். இரண்டாயிரத்து மூன்றாம் வருசம் அவளும் வந்து சேர்ந்தாள். படிப்பில் எனக்கும் அவளுக்கும் வித்தியாசம் இல்லை. வயதில் நான் கொஞ்சம் மூத்தவள், வாயில் நிறைய மூத்தவள்.

எங்கள் பெரிய வேலை டிஸ்பென்சரி புரோகிராம். தோட்டத்து ஆஸ்பத்திரி அறைகளுக்கு ஓர் உதவி நிறுவனம் கம்ப்யூட்டர் கொடுத்திருந்தது. பிள்ளை பிறந்தால் அதன் பேர், தாயின் பேர், நிறை, போட்ட ஊசி எல்லாம் அதில் ஏறும். மாசக் கடைசியில் அறிக்கை வெளியே வரும். அறிக்கையை அச்சடித்து நிறுவனத்துக்கு அனுப்பினால் மருந்தும் ஆளும் தொடர்ந்து கிடைக்கும். அவ்வளவுதான் சங்கதி.

தோட்டங்களுக்குப் போன் எடுத்து இதை அமத்துங்கள், அதை அமத்துங்கள் என்று சொல்வது என் வழக்கம். அவள் போன் எடுத்தால் வேறு மாதிரி. "இப்ப கரண்ட் இருக்குங்களா? ஸ்கிரீன் தெரியுதுங்களா? மவுஸ் இருக்குங்களா?" என்று ஆரம்பிப்பாள். கம்ப்யூட்டர் வைத்திருப்பவரிடம் மவுஸ் இருக்கிறதா என்று கேட்பாளே, பைத்தியக்காரி என்று நாங்கள் சிரிப்போம். ஒருநாள், ஒரு தோட்டத்தின் மலை உச்சியில் இருக்கும் மேல் பிரிவு டிஸ்பென்சரியில் பதிவு எழுதும் பெண் மெதுவாக, "இல்லைங்க மிஸ்" என்றாள். மவுஸ் பழுதாகி மாதக்கணக்காகி இருந்தது. சொன்னால் உடைத்ததற்கு ஏசுவார்களோ என்று பயந்து, விசைப்பலகையிலேயே தட்டித் தட்டி எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்தாள். நான் எத்தனை தடவை அவளிடம் "மவுஸால அங்க போங்க, இங்க போங்க" என்று சத்தம் போட்டிருப்பேன்! அத்தனைக்கும் "சரிங்க மிஸ், சரிங்க மிஸ்" என்றவள்தான் அவள். அடுத்த பஸ்ஸில் ஒரு மவுஸ் போனது. அதோடு விட்டாளா நம் இருக்கா? மவுஸ் இல்லாமலே எல்லாம் செய்ய வரும்படி புரோகிராமையும் மாற்றி வைத்தாள்.

கலியாண விஷயத்திலும் இதே கூத்துத்தான். எம்பிலிப்பிட்டியவில் கடை வைத்திருந்த ஒரு பையன் வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். பலகாரத் தட்டைக் கொடுத்தவள், அவனிடம் தனியாக ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றாள். வெளியே கூட்டிப் போய், "ஒங்களுக்கு வேற யாராச்சும் மனசுல இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பையன், "இருக்காங்க" என்றானாம். அவ்வளவுதான், வந்தவர்கள் வந்த வான் வண்டியிலேயே திரும்பிப் போனார்கள். அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "கேக்கலன்னா முடிஞ்சிருக்குமேடி!" என்று. மறுநாள் வேலைக்கு வந்தவள் என்னிடம் இதை மழை பெய்தது என்பதைப் போலச் சொன்னாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவளைப் பார்க்க ஒரு மாதிரிப் பயமாகவும் இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டே செய்கிற ஆளோடு எப்படி வாழ்வது என்று யோசித்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது.

புரோகிராம் எழுதாதவர்களுக்கும் விளங்கும்படி சொல்கிறேன். ஒரு புரோகிராம் தன் கோப்புகளை எந்த இடத்தில் வைப்பது என்று மெசினிடம் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கு விண்டோஸில் ஒரு முறை உண்டு. நாங்கள் பாவித்த முறை கைவிடப்பட்டது, இனிப் புதிய முறையைப் பாவியுங்கள் என்று விண்டோஸ் செய்கிற கம்பெனி சொல்லிவிட்டது. பழையது இன்றைக்கு வேலை செய்யும். அடுத்த விண்டோஸில் செய்யுமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. புதிய முறையோ பழைய விண்டோஸ் 98இல் கிடையாது. எங்கள் தோட்டங்களில் பெரும்பாலும் அதற்குப் பிந்தின விண்டோஸ் எக்ஸ்பி வந்துவிட்டது. மேல் பிரிவில் மட்டும் இன்னும் 98.

அதே சமயம் உதவி நிறுவனம் அறிக்கையின் வடிவத்தை மாற்றியது. புதிய வடிவத்தில் அறிக்கை அனுப்பாத டிஸ்பென்சரியை வருச முடிவில் மூடிக் கீழ்ப் பிரிவோடு சேர்ப்போம் என்றார்கள். மேல் பிரிவிலிருந்து கீழ்ப் பிரிவுக்கு பஸ் கிடையாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு றப்பர்க் காட்டு வழியே இறங்கி, அட்டைக்கடியோடு திரும்பி ஏற வேண்டும். அப்படி ஏறி இறங்க யாருக்கு முடியும்? ஊசி போடுவதையே விட்டுவிடுவார்கள். ஆகவே எங்கள் புதிய புரோகிராம் அந்த 98 மெசினில் திறந்தால் டிஸ்பென்சரி பிழைக்கும், திறக்காவிட்டால் மூடப்படும்.

"புதுசு வந்தா பழசத் தூக்கிப் போடணும் மகள். அவங்களுக்கு வேற மெசின் கேளுங்க" என்றார் நானா.

"கேட்டேன் நானா. இந்த வருசம் இல்லையாம்" என்றாள் அவள்.

நானும் நானா கட்சிதான். ஒரே வேலைக்கு இரண்டு வழி எழுதி வைத்தால் பிழையும் இரண்டு மடங்கு. அவள் கேட்கவில்லை. மெசினிடம் புதிய முறை இருக்கிறதா என்று கேள், இருந்தால் அதால் போ, இல்லாட்டி பழையதால் போ என்று எழுதினாள். அவள் சுபாவத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உலகத்தில் கிடைத்திருக்காது. எங்கள் மூலையில் கிடந்த ஒரு 98 மெசினைத் தூசி தட்டி, அதில் ஓட்டியும் பார்த்தாள். அழகாகத் திறந்தது. சீடியில் போட்டு, தோட்டத்துச் சந்தி வரை போகும் பஸ்ஸின் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்பினோம்.

மறுநாள் காலை போன் வந்தது. மேல் பிரிவுப் பெண்தான்.

"மிஸ், ஒண்ணுமே தொறக்க மாட்டேங்குது. இங்கிலீசுல என்னமோ ஒரு பொட்டி வருது, ஓகே அமத்துனா மூடிக்கிது."

"என்னா எழுதியிருக்குன்னு ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க" என்றாள் இவள்.

அவள் எழுத்தெழுத்தாகச் சொல்ல, இவள் எழுதிக்கொண்டே வந்தாள். முடிந்ததும் பார்த்தால் அது புதிய முறையின் பேர். அதைக் காணோம், அதனால் உள்ளே விட மாட்டேன் என்கிறது மெசின்.

"கேளு கேளுன்னு நாள் முழுக்கக் கேட்டியே, இதக் கேக்க மறந்துட்டியா புள்ள?" என்றேன். சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். வெளிறிப் போயிருந்தது.

"கேட்டேன் அக்கா. கேக்கவே விடலியே" என்றாள்.

இரண்டு பேரும் உட்கார்ந்து தேடினோம். காரணம் சின்னது. எந்தப் புரோகிராமும் திறக்கும்போதே, தான் பாவிக்கப்போகும் முறைகளின் பேரையெல்லாம் வாசலிலேயே கொடுத்துவிடும். அதில் ஒன்று இல்லையென்றாலும் மெசின் கதவைச் சாத்திவிடும். உள்ளே அவள் எவ்வளவு பணிவாக "இருக்கா, இல்லாட்டி" என்று எழுதியிருந்தாலும் அந்த வரி வரைக்கும் போகவே முடியாது. சரி, எங்கள் 98 மட்டும் எப்படித் திறந்தது? அதில் நானா ஒரு புதிய பிரவுசர் போட்டிருந்தார். அதோடு சேர்ந்து புதிய முறையும் வந்து உட்கார்ந்திருந்தது. ஊரெல்லாம் கேட்கிறவள் சொந்த வீட்டு மெசினிடம் மட்டும் கேட்காமல் விட்டுவிட்டாள்.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில்தான், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, தன் பழைய கதை ஒன்றைச் சொன்னாள்.

அவளுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேலாகியும் அடையாள அட்டை இருக்கவில்லை. பிரஜாவுரிமைச் சிக்கல் எங்கள் தோட்டங்களில் வீட்டுக்கு ஒன்று உண்டு. அவள் வீட்டில் அது அப்பாவோடு ஆரம்பித்து அவள் தலையிலும் விழுந்திருந்தது. பிறப்புச் சான்றிதழும் இல்லை, வீட்டில் பிறந்தவள். கொழும்பில் கம்ப்யூட்டர் டிப்ளோமா படித்த காலம், யுத்த காலம். சோதனைச் சாவடியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்துவார்கள், எல்லாரும் இறங்க வேண்டும். ஐடி எங்கே என்பார்கள். இல்லை என்றால் தள்ளி நில். அதற்குள் பஸ் போய்விடும்.

"பேசவே விட மாட்டாங்க அக்கா. தோட்டத்துத் தொரை கடிதம் குடுத்திருந்தாரு, அத நீட்டுறதுக்குள்ளயே தள்ளு தள்ளுன்னு தள்ளிருவாங்க."

கடைசிப் பரீட்சைக்குப் போகும் நாளிலும் மறித்தார்கள். அந்தக் கடிதம் அதற்கு முந்தின வாரம் மழையில் நனைந்து கிழிந்திருந்தது. ஐடி இருக்கா? இல்லை. பிறப்புச் சான்றிதழ்? இல்லை. தள்ளி நிற்கத் திரும்பினாள். அந்தச் சிப்பாய், அவள் வயதுப் பையன், கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டான்.

"வென மொனவத தியென்னே?"

வேறு என்ன இருக்கிறது என்று. சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் அந்த நேரத்தில் விளங்கவே கொஞ்சம் பிடித்ததாம். ஏனென்றால் அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. பையைக் கொட்டினாள். அடியில், அம்மா எதற்கும் இருக்கட்டும் என்று போட்டுவிட்ட ஒரு பழைய மட்டை கிடந்தது. மேல் பிரிவு டிஸ்பென்சரியில் அவளுக்குக் குழந்தையில் ஊசி போட்ட கார்ட். அவள் பேர், அப்பா பேர், தோட்டம், டிஸ்பென்சர் ஐயாவின் கையெழுத்து. உலகத்தில் அவள் பேர் முதல் முதலில் எழுதப்பட்ட இடம் அதுதான். சிப்பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மே லமயா தென் லொக்கு வெலா" என்று சிரித்தான். இந்தப் பிள்ளை இப்போது பெரிசாகிவிட்டது என்று. பிறகு பஸ்ஸில் ஏறச் சொன்னான்.

"அன்னைக்குப் பரீட்சை எழுதினேன். இல்லாட்டி நான் எங்க, இந்த மேசை எங்க" என்றாள். அப்புறம் கை கழுவப் போய்விட்டாள். அவளும் மேல் பிரிவுக்காரி என்பது எனக்குத் தெரியும். அந்த டிஸ்பென்சரிக்காக அவள் ஏன் இப்படி மல்லுக்கட்டுகிறாள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

திருத்துவது பெரிய வேலையாக இருக்கவில்லை. வாசலில் புதிய முறையின் பேரையே எடுக்கக் கூடாது. வெறுங்கையோடு உள்ளே போய், உட்கார்ந்த பிறகு, இப்படி ஒன்று உன்னிடம் இருக்கிறதா என்று மெசினிடம் மெதுவாகக் கேட்க வேண்டும். இருந்தால் கையைப் பிடித்துக்கொள்ளலாம், இல்லாட்டி பழையது. அதை இருவரும் சேர்ந்தே எழுதினோம். முடித்துவிட்டோம் என்று நான் எழுந்தபோது அவள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் என்னா?"

"புதுசும் எடம் காட்டல, பழசும் எடம் காட்டலன்னா என்னா செய்யிறது அக்கா? மூடாம, எழுதுறவங்ககிட்டயே கேக்க வைக்கிறேன். அவங்க எடத்தக் காட்டட்டும்."

"ரெண்டும் இல்லாத மெசின் எந்த ஒலகத்துல இருக்கு புள்ள?" என்றேன்.

"நான் இருந்தேனே அக்கா" என்றாள்.

நான் மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.

இந்தத் தடவை கண்டக்டரை நம்பவில்லை. பிள்ளைகளுக்கு நிறை பார்க்கும் நாளாகப் பார்த்து, தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் தொற்றிக்கொண்டு இரண்டு பேருமே மேல் பிரிவுக்குப் போனோம். டிஸ்பென்சரி வாசலில் தாய்மார் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஒவ்வொரு மடியிலும் ஒரு பிள்ளை. மூடப்போகிறார்கள் என்ற கதை அங்கே முதலே போயிருந்தது. "நிப்பாட்டப் போறாங்களாமே மிஸ், மெய்தானா?" என்று ஒருத்தி என் சேலையைப் பிடித்துக் கேட்டாள். எப்போதும் கத்துகிற நான் இருக்காவைக் கையால் காட்டினேன்.

இவள் உள்ளே போய், எழுதும் பெண்ணிடம் முதலில் கேட்டாள்: "இந்த மெசின்ல யாராச்சும் புது பிரவுசர் போட்டாங்களா?"

"இல்லைங்க மிஸ். வந்தது வந்தபடி இருக்கு."

"நல்லது" என்று சீடியைப் போட்டாள். மெசின் இரைந்தது. திரை கொஞ்ச நேரம் சாம்பல் நிறமாக நின்றது. பிறகு திறந்தது. போன வருசத்துப் பிள்ளைகள், அதற்கு முந்தின வருசத்துப் பிள்ளைகள், எல்லாப் பேரும் வரிசையாக வந்து நின்றன. எழுதும் பெண் கையைத் தட்டியே விட்டாள். வெளியே இருந்த தாய்மாருக்கு என்ன விளங்கியதோ, அவர்களும் சிரித்தார்கள். அந்த மாத அறிக்கை புதிய வடிவத்தில் போனது. வருச முடிவில் டிஸ்பென்சரியை யாரும் மூடவில்லை.

பிறகும் அவள் மாறவில்லை. எதையும் தூக்கி எறிய விட மாட்டாள். புரோகிராமில் பழையதும் புதியதும் அடுக்கடுக்காய்க் குவிந்து, சில இடங்களில் நடப்பதற்கே வழி இல்லாமல் இருந்தது. நானாவும் நானும் அவளோடு சண்டை பிடித்துக்கொண்டேதான் இருந்தோம். "இதென்ன மகள், பழைய சாமான் கடையா?" என்பார் நானா. இரண்டாயிரத்து ஏழில் அவளுக்குக் கொழும்பில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அப்போது அவள் கையில் அடையாள அட்டை இருந்தது. போகும் நாளில் கேக் வெட்டினோம். "முட்ட போடாத கேக்கும் இருக்கு, யாருக்காச்சும் வேணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வெட்டினாள். அவள் போன பிறகு அந்தப் பக்கத்து மேசையைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. பழைய மொனிட்டர்களை அதில் அடுக்கி வைத்தேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில் நானா தன் ஊர்ப் பேச்சில் சொன்னார்: "இனி 98 எங்கயும் ஈக்காது. அந்தப் பழைய வழியெல்லாம் எடுத்துப் போடுங்க." நியாயமான பேச்சு. எனக்கும் அதை எப்போது அழிப்போம் என்று கை துறுதுறு என்றிருந்தது. எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொண்டு அழிக்க உட்கார்ந்த வாரத்தில் மேல் பிரிவிலிருந்து அந்த எழுதும் பெண் போன் எடுத்தாள்.

"மிஸ், மெசின் மாத்திட்டாங்க. புத்தம் புதுசு, புது விண்டோஸ்."

"சந்தோசம். புரோகிராம் தொறந்துச்சா?"

"தொறந்துச்சு மிஸ். ஆனா மொத மொறையா ஒரு கேள்வி கேட்டுச்சு. தமிழ்ல."

"என்னா கேள்வி?"

"வைக்க எடம் கிடைக்கல, வேற என்ன இருக்குன்னு கேட்டுச்சு. பழைய மெசின்ல இருந்து எடுத்து வச்ச எடத்தக் காட்டினேன். எல்லாப் புள்ளைங்க பேரும் வந்திருச்சு."

புதிய விண்டோஸில் காவல் அதிகம். புதிய முறை காட்டிய இடத்திலும் எழுத விடவில்லை, பழைய முறை காட்டிய இடத்திலும் விடவில்லை. இரண்டும் இல்லாத மெசின், நான் எந்த உலகத்தில் இருக்கிறது என்று கேட்ட அதே மெசின், வந்தேவிட்டது. நான் அழிப்பதற்காகக் குறித்து வைத்தவற்றில் அந்தக் கேள்வியும் இருந்தது.

"சரியாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றேன்.

"அந்த மிஸ் இருக்காங்களா? அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லணும்."

"இல்லம்மா. அவங்க கொழும்புக்குப் போயி நாளாச்சு."

மறுபக்கம் ஒரு பிள்ளை அழுவது கேட்டது.

"அப்ப இனி ஒண்ணுன்னா, அங்க வேற யாரு மிஸ் இருக்காங்க?"

"நான் இருக்கேன்" என்றேன்.